பொருத்தம் பார்த்துக் கணினி பூட்டல்

நாம் கல்லூரியிற் பயின்ற நாளிலே, விடுமுறை வந்ததும் பழுதடைந்த வானொலிப் பெட்டியொன்றைக் கழற்றிப் பாயிலே பரப்பி வைத்துக்கொண்டு, அதனை மீண்டும் பாடச் செய்வதையே பேரின்பமாகக் கொண்ட நண்பர் சிலர் எம்முடன் இருந்தனர். இன்றைய மாணாக்கரும் அவ்வினத்தவரே. வானொலி இருந்த இடத்திற் கணினி வந்திருக்கின்றது, வேற்றுமை அவ்வளவே. விளையாட்டுக்கு ஏற்ற கணினியொன்றை, கைக்கடங்கிய செலவில், தம் கையாலேயே பூட்டிக்கொள்ள வேண்டும் என்னும் ஆசை இன்று உயர்தர வகுப்பு மாணவர் பலரிடம் காணப்படுகின்றது.

விழா மலரிலே இதற்கென்ன இடம் என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். விளையாட்டு நன்றோ தீதோ என்னும் வழக்கை நாம் ஈண்டு எடுத்துக்கொள்ளவில்லை. விளையாட்டை நன்கு ஓட்டவல்ல பொறி, பொறியியல் வரைபுக்கும், படத்தொகுப்புக்கும், கணினி நிரலாக்கத்துக்கும் நன்கு உதவும் என்பது மட்டும் உண்மை. நாம் கூற வந்தது பணத்தைப் பற்றியது. பெற்றோர் வருந்தித் தேடிய பணம், ஒன்றோடொன்று சேராத உறுப்புகளாக மேசையிற் கிடக்கலாகாது என்பதைப் பற்றியது.

எம் உறவினர் ஒருவரின் மகன் உயர்தர வகுப்பிற் பயில்பவன். வெளிநாட்டிலிருக்கும் மாமன் அனுப்பிய பணத்தோடு, தந்தையார் சீட்டுக் கட்டி எடுத்த பணமும் சேர, எட்டு மாத காலமாக ஒவ்வோர் உறுப்பாக வாங்கிச் சேர்த்தான். எல்லாம் கைக்கு வந்த அன்றிரவு பூட்டி முடித்து மின்னூட்டினான். விசிறிகள் சுழன்றன, திரையோ இருண்டே கிடந்தது. தான் எதையோ முறித்துவிட்டதாக எண்ணி மூன்று நாளாக வீட்டிலே ஒருவருக்கும் சொல்லாதிருந்து, நாலாம் நாள் எம்மிடம் வந்து, “பெரியப்பா, ஐயாவுக்கு என்னெண்டு சொல்லுறது?” என்று கலங்கினான். அவன் கதையின் முடிவைப் பின்னர்க் கூறுவோம். அவன் போன்றோர் அந்நிலையை அடையாதிருத்தற்பொருட்டே இக்கட்டுரை எழுந்தது.

முதற்கண், தொடங்கும் இடம் எது என்பதை அறிதல் வேண்டும். பலர் செயலியிலிருந்து தொடங்குவர். நாம் திரையிலிருந்து தொடங்குமாறு கூறுவோம். குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் கொண்ட திரையில் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள் உள. 4கே எனப்படும் திரையில் ஏறத்தாழ 83 இலட்சம் உள. ஒவ்வொரு காட்சிக்கும் இத்தனை புள்ளிகளையும் கணித்து வரைய வேண்டியது வரைவியல் அட்டை. கடைவழக்கிற் கிராபிக்ஸ் காட் என்பர். நான்கு மடங்கு புள்ளிகளை வரைய அதற்கேற்ற வலிமை வேண்டும். வலிமைக்கேற்ப விலையும் ஏறும். ஆதலின் சிறு செலவிற் பூட்டுவோர் 1080 திரையோடு அமைதலே அறிவுடைமை. திரை தெளிந்தால் அட்டை தெளியும். அட்டை தெளிந்தால் அதற்குத் தீனி கொடுக்கவல்ல செயலி தெளியும். பின்னர் ஏனையவை தாமே வரிசையாய் வரும். விரலுக்குத் தக்க வீக்கம் என்பது இங்கும் பொருந்தும்.

இனி, உறுப்புகளின் பொருத்தத்துக்கு வருவோம். திருமணத்துக்குச் சோதிடர் பத்துப் பொருத்தம் பார்ப்பர். கணினிக்கு ஏழு பார்த்தாற் போதும். ஆயின் ஏழில் ஒன்று தவறினும், ‘பார்த்துச் சமாளிக்கலாம்’ என்பதற்கு இங்கு இடமில்லை.

முதலாவது குதைப் பொருத்தம். செயலி தாய்ப்பலகையில் அமரும் இடத்தைக் குதை என்கின்றோம். ஏ.எம்.டி. நிறுவனத்தின் றைசன் செயலிகள் இரு குதைகளுக்கு உரியன. 2017 முதல் வந்த றைசன் 1000 தொடங்கி 5000 வரையுள்ள வரிசைகள் ஏ.எம். 4 குதையில் அமரும். 2022 இல் வந்த 7000 வரிசையும் அதன் பின்னர் வந்த 8000, 9000 வரிசை மேசைச் செயலிகளும் ஏ.எம். 5 குதைக்கு உரியன. இன்ரெல் நிறுவனத்தின் 10 ஆம், 11 ஆம் தலைமுறைகள் எல்.ஜீ.ஏ. 1200 குதைக்கும், 12 ஆம், 13 ஆம், 14 ஆம் தலைமுறைகள் எல்.ஜீ.ஏ. 1700 குதைக்கும், 2024 இல் மேசைக் கணினிக்கு வந்த கோர் அல்ட்ரா 200 வரிசை எல்.ஜீ.ஏ. 1851 குதைக்கும் உரியன. ஒரு குதைக்குரியது மற்றொன்றில் அமராது. வன்மையால் அமர்த்த முயன்றால் முள் வளையும். ஏ.எம். 4 செயலியில் முட்கள் செயலியின் அடியில் உள, ஏ.எம். 5 குதையிலும் இன்ரெலின் குதைகளிலும் அவை பலகையில் உள. எங்கிருப்பினும் அவை மயிரிழை போல்வன, விரல் படலாகாது.

இரண்டாவது பயோஸ் பொருத்தம். இதனையே பலர் அறியாது இடர்ப்படுகின்றனர். குதை ஒத்திருந்தால் மட்டும் போதாது. பலகை அச்செயலியை அறிந்திருத்தலும் வேண்டும். தாய்ப்பலகையிலே பயோஸ் எனப்படும் சிறு மென்பொருள் பதிந்திருக்கும். மின் வந்ததும் முதலில் விழித்தெழுந்து, எந்தச் செயலி அமர்ந்திருக்கின்றது, எவ்வளவு நினைவகம் உண்டு என்று பார்ப்பது அதுவே. 2018 இல் வெளியான பி 450 வகைப் பலகையை எடுத்துக்கொள்வோம். அதன் பின்னர் 2020 இன் இறுதியிலேதான் றைசன் 5000 வரிசை பிறந்தது. பலகை தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளிற் பிறவாத செயலியை அது எங்ஙனம் அறியும்? பயோஸைப் புதுப்பித்தாலன்றி அறியாது. இன்ரெல் பக்கத்திலும், 12 ஆம் தலைமுறைக்கென வந்த பி 660 பலகை 13 ஆம் தலைமுறைச் செயலியை ஏற்கப் புதிய பயோஸ் வேண்டும்.

இதற்கு மருந்து எளிது. பலகை செய்த நிறுவனம் ஒவ்வொரு பலகைக்கும், அது ஏற்கும் செயலிகளின் பட்டியலை வெளியிடும். ஒவ்வொரு செயலிக்கும் எதிரே, எந்தப் பயோஸ் பதிப்பு முதல் அது இயங்கும் என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். வாங்குமுன் அதனைப் பார்த்தல் வேண்டும். பலகை பழைய பதிப்போடு இருந்தால், கடையிலேயே புதுப்பித்துத் தருமாறு கேட்கலாம். சில பலகைகளிற் செயலி இல்லாமலே, யூ.எஸ்.பீ. கோலொன்றைச் செருகிப் பொத்தானை அழுத்திப் பயோஸைப் புதுப்பிக்கும் வசதியும் உண்டு. விலை சிறிது கூடினும் அத்தகைய பலகை கொள்ளத்தக்கதே.

மூன்றாவது நினைவகப் பொருத்தம். றாம் என்று வழங்கும் இத்துண்டுகளில் டீ.டீ.ஆர். 4, டீ.டீ.ஆர். 5 என இரு வகை இன்று கடைகளில் உள. மேசைக் கணினிக்குரிய இரண்டிலும் 288 தொடுபுள்ளிகளே உள, நீளமும் ஒன்றே. ஆயினும் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்று மற்றொன்றின் பள்ளத்திற் புகாது. ஏ.எம். 4 பலகை டீ.டீ.ஆர். 4 ஐ மட்டும் ஏற்கும், ஏ.எம். 5 பலகை டீ.டீ.ஆர். 5 ஐ மட்டும் ஏற்கும். எல்.ஜீ.ஏ. 1700 இற்றான் மயக்கம் உண்டு. அக்குதைக்குரிய செயலி இரண்டையும் ஏற்கும். பலகைகளோ, ஒன்று இதற்கென்றும் மற்றொன்று அதற்கென்றும் தனித்தனியே செய்யப்பட்டன. பலகையின் பெயரை ஈற்றெழுத்து வரை வாசித்தே வாங்குக.

16 கிகாபைற்று வேண்டுமெனில், 16 இல் ஒரு துண்டு வாங்குவதினும் 8 இல் இரு துண்டு வாங்குதல் மேல். செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே இரு பாதைகள் உள. ஒரு துண்டு மட்டும் இருப்பின் ஒரு பாதை வெறிதே கிடக்கும். நான்கு பள்ளமுள்ள பலகையில், பெரும்பாலும் செயலியிலிருந்து எண்ணி இரண்டாம் நான்காம் பள்ளங்களில் இரண்டையும் செருகுதல் வேண்டும். பலகையோடு வரும் சிறு நூல் இதனை உறுதிசெய்யும். அன்றியும், 3200 என்று எழுதிய துண்டு, செருகியவுடன் 3200 இல் ஓடும் என்று கருதற்க. பயோஸில் எக்ஸ்.எம்.பீ. என்னும் அமைப்பை இயக்கும் வரை அது 2133 அல்லது 2400 போன்ற தாழ்ந்த வேகத்திலேயே ஓடக்கூடும். பணங்கொடுத்து வாங்கிய வேகத்தைப் பெறாமலே ஆண்டுக்கணக்கிற் கழித்தோர் உளர்.

நான்காவது வரைவியல் அட்டையின் பொருத்தம். அட்டை செருகப்படும் நீண்ட பள்ளம் பீ.சி.ஐ. எக்ஸ்பிரஸ் எனப்படும். இதன் தலைமுறைகள் பழையதும் புதியதும் ஒன்றோடொன்று சேரும் இயல்பின. புதிய அட்டை பழைய பள்ளத்திலும் இயங்கும். ஆயின் வேகம் இரண்டிலும் தாழ்ந்ததன் வேகமேயாகும். தெருவொன்றில் வண்டி செல்லும் நிரைகள் போல, இப்பள்ளத்திலும் நிரைகள் உள. 16 நிரை அமைவது வழக்கம். 2022 இல் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.ரீ. என்னும் மலிவான அட்டையோ 4 நிரைகளை மட்டுமே பயன்படுத்துவது. 4 ஆம் தலைமுறைப் பள்ளத்தில் அந்நான்கினூடு செக்கனுக்கு ஏறத்தாழ 8 கிகாபைற்றுச் செல்லும். பி 450 போன்ற 3 ஆம் தலைமுறைப் பலகையில் அது பாதியாகும். அட்டையின் சொந்த நினைவகமும் 4 கிகாபைற்றே ஆதலால், அது நிறைந்து பொருள்கள் அடிக்கடி அத்தெருவிற் போய்வர நேரும்போது விளையாட்டுத் தடைப்பட்டுத் தடைப்பட்டு ஓடும். மலிவான அட்டை மலிவான பழைய பலகைக்கே ஏற்றது என்று எண்ணுவோர் இவ்விடத்து ஏமாறுவர். 2021 இல் வந்த ஆர்.எக்ஸ். 6600 என்பதில் 8 நிரைகளும் 8 கிகாபைற்று நினைவகமும் உள. பழைய பலகையிலும் அதற்கு நேரும் இழப்புச் சிறிதே.

செயலியின் பெயரில் உள்ள ஈற்றெழுத்தும் இங்கே கவனிக்கத்தக்கது. இன்ரெல் கோர் வரிசையில் ‘எஃப்’ என முடியும் செயலிகளுக்கும், றைசன் 5 5600 போன்றவற்றுக்கும் தமக்கென வரைவியற் பகுதி இல்லை. அவற்றோடு அட்டை இருந்தே தீரவேண்டும். 5600 ஜீ என்பதிலே அப்பகுதி உண்டு. ஆதலால் அட்டைக்குப் பணம் சேரும் வரை அதனோடு காலங்கழிக்கலாம். ஆயின் அது 3 ஆம் தலைமுறைப் பீ.சி.ஐ. பாதையையே தரும் என்பதையும் அறிந்துகொள்க. நிற்க. அட்டை பூட்டிய பின்னர், திரையின் வடத்தை அட்டையிலேதான் செருகவேண்டும். பலகையின் பின்புறத்துத் துளையில் அன்று. இது சிறுபிள்ளைப் பாடம் போலத் தோன்றும்; எனினும் ‘கணினி பழுது’ என்று கடைக்குத் தூக்கிச் செல்லப்பட்ட பெட்டிகள் சில, இவ்வடம் இடம் மாறியதாலேயே இருண்டிருந்தன.

ஐந்தாவது வலுப் பொருத்தம். பவர் சப்ளை எனப்படும் வலு வழங்கியிலே பணத்தைச் சேமிக்க எண்ணுவோர் பலர்; அங்குச் சேமித்தல் ஆகாது. ஏனெனில் ஏனைய உறுப்பு பழுதானால் அது மட்டும் போகும். வலு வழங்கி பழுதானால் மற்றவற்றையும் கூட்டிக்கொண்டு போகக்கூடும். கணக்கோ கடினமன்று. றைசன் 5 5600 இன் வெப்ப அளவு 65 உவாற்று எனக் குறிக்கப்பட்டுள்ளது. உச்சத்தில் அதனினும் சிறிது கூடும். ஆர்.எக்ஸ். 6600 அட்டைக்கு 132 உவாற்று. பலகை, நினைவகம், விசிறி முதலியவற்றுக்கு 50 என வைப்போம். கூட்டினால் ஏறத்தாழ 250. திடீரென எழும் ஏற்றங்களுக்கும், நாளடைவில் வரும் தளர்ச்சிக்கும், பின்னாளில் அட்டையை மாற்றுதற்கும் இடம் வைத்து, 500 அல்லது 550 உவாற்று வழங்கியைக் கொள்ளலாம்.

ஆயின் பெட்டியின் மேல் எழுதிய 500 ஐ மட்டும் நம்பற்க. பக்கத்திலுள்ள ஒட்டுத்தாளை வாசிக்க. செயலியும் அட்டையும் தம் வலுவைப் பெரும்பாலும் 12 உவோற்றுப் பாதையிலிருந்தே பெறுகின்றன. அப்பாதைக்கு 18 அம்பியர் என்றிருந்தால், பன்னிரண்டைப் பதினெட்டாற் பெருக்க 216 உவாற்றே கிடைக்கும்; மேலே 500 என்று பொறித்திருப்பதனாற் பயனில்லை. சாதாரணதரப் பௌதிகவியலிற் கற்ற பெருக்கல் இவ்விடத்து வீட்டுப் பணத்தைக் காக்கும். 80 பிளஸ் வெண்கலம் என்னும் முத்திரை, அரைச் சுமையில் நூற்றுக்கு 85 அளவு மின்னையேனும் பயனாக்கும் என்பதற்குச் சான்று.

வடங்களிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பலகையின் பள்ளம் அட்டைக்கு 75 உவாற்று வரை தரும். அதற்கு மேல் வேண்டுவதை ஆறு முள் வடம் 75 ஆகவும், எட்டு முள் வடம் 150 ஆகவும் தரும். செயலிக்குரிய எட்டு முள் வடமும் அட்டைக்குரிய எட்டு முள் வடமும் தோற்றத்தில் ஒத்தவை, இயல்பில் வேறானவை. ஒரு வழங்கியின் கழற்றும் வடத்தை மற்றொரு வழங்கியிற் செருகுதலும் கூடாது. முனை பொருந்தினும் உள்ளே கம்பிகளின் ஒழுங்கு வேறாயிருக்கலாம், உறுப்புகள் கருகிவிடும். மின்வெட்டுக்கென யூ.பீ.எஸ். வைப்போர், 650 வீ.ஏ. என்பது 650 உவாற்று அன்று, அதனிலும் குறைவு என்பதை நினைவிற் கொள்க.

ஆறாவது சேமிப்பகப் பொருத்தம். எம். 2 எனப்படும் மெல்லிய எஸ்.எஸ்.டி. அகலம் 22 மில்லிமீற்றரும் நீளம் 80 மில்லிமீற்றரும் உடையதாயின் 2280 எனக் குறிக்கப்படும். ஒரே வடிவில் இரு இனம் உண்டு. சாற்றா இனம் செக்கனுக்கு ஏறத்தாழ 550 மெகாபைற்று வாசிக்கும், என்.வீ.எம்.ஈ. இனம், 3 ஆம் தலைமுறையிலேயே, 3500 வரை வாசிக்கவல்லது. பலகையின் பள்ளம் எவ்வினத்தை ஏற்கும் என்பதைச் சிறு நூலிற் பார்த்தே வாங்க வேண்டும். சில பலகைகளில் எம். 2 பள்ளம் நிரம்பினால், பழைய வன்தட்டுக்குரிய சாற்றா முனைகளில் ஒன்றிரண்டு அடைபட்டுவிடும் என்பதும் அந்நூலிலேயே எழுதியிருக்கும்.

ஏழாவது அளவுப் பொருத்தம். முழு ஏ.ரீ.எக்ஸ். பலகை 305 க்கு 244 மில்லிமீற்றர், மைக்குரோ ஏ.ரீ.எக்ஸ். 244 க்கு 244, மினி ஐ.ரீ.எக்ஸ். 170 க்கு 170. பெரிய கேசிங் சிறிய பலகையை ஏற்கும். சிறியது பெரியதை ஏற்காது. கேசிங்கின் விவரத்தில் அட்டைக்கு உச்ச நீளமும், குளிரூட்டிக்கு உச்ச உயரமும் தரப்பட்டிருக்கும். 160 மில்லிமீற்றர் உயரக் கோபுரக் குளிரூட்டியை வாங்கி, 150 மட்டும் இடமுள்ள கேசிங்கிற் பூட்டிக் கதவை மூடமுடியாது திகைத்தல் வேண்டா. றைசன் 5 5600 கடைப் பெட்டியோடு குளிரூட்டியொன்று வருவதால் முதற் செலவில் அது மிச்சம். எமது நாட்டு வெப்பத்தையும் புழுதியையும் கருதி, முகப்பிற் காற்றுப் புகும் வழியுள்ள கேசிங்கையே தேர்தல் நன்று.

இவ்வேழையும் ஒருங்கே வைத்து ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம்: றைசன் 5 5600 செயலி, அதனை அறிந்த பயோஸ் உடைய பி 550 மைக்குரோ ஏ.ரீ.எக்ஸ். பலகை; 8 கிகாபைற்றில் இரு டீ.டீ.ஆர். 4 துண்டு, வேகம் 3200, ஆர்.எக்ஸ். 6600 அட்டை, என்.வீ.எம்.ஈ. 2280 சேமிப்பகம்; 550 உவாற்று வழங்கி; மைக்குரோ ஏ.ரீ.எக்ஸ். ஏற்கும் கேசிங். இது புதுமையிற் புதுமையன்று. ஏ.எம். 4 குதை இதற்குமேல் வளருதற்கு அதிக இடமில்லை. நெடுங்காலம் ஏற்றிக்கொண்டு போக எண்ணுவோர் ஏ.எம். 5 ஐ நாடுதல் தகும். ஆயின் 2025 இன் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை உலகெங்கும் மிக ஏறியதால், வீட்டிலே பழைய டீ.டீ.ஆர். 4 துண்டுகள் உள்ளோர்க்கு ஏ.எம். 4 வழி இன்னும் சிக்கனமானதே.

பழைய பொருள் வாங்குவோருக்கும் ஒரு சொல். 2022 செத்தெம்பரில் ஈதீரியம் நாணயம் வரைவியல் அட்டை கொண்டு அகழும் முறையைக் கைவிட்டதும், இரவு பகலாய் உழைத்த அட்டைகள் பல சந்தைக்கு வந்தன. அவை யாவும் தீயன அல்ல. ஆயினும் விசிறி தள்ளாடுகின்றதா, சுமையேற்றி அரைமணி நேரம் ஓட்டினால் நிற்கின்றதா என்று கண்ணாற் கண்டபின்பே பணங்கொடுக்க. பழைய அலுவலகக் கணினியை வாங்கி அட்டை செருக எண்ணுவோர், அதன் வலு வழங்கியும் பலகையும் அந்நிறுவனத்துக்கே உரிய தனி வடிவினவாய் இருக்கக்கூடும் என்பதை அறிக. அன்றியும் வின்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 ஆந் திகதியோடு முடிந்தது. வின்டோஸ் 11 க்கு இன்ரெலில் 8 ஆம் தலைமுறையோ அதற்குப் பின்னதோ வேண்டும் என்பதே பொது விதி. றைசனில் முதல் வரிசை சேராது.

வெளிநாடுகளில் வாழும் எம் பழைய மாணவர்க்கும் ஒன்று கூற விரும்புகின்றோம். ஊருக்கு வரும்போது மருமகனுக்கோ பெறாமகனுக்கோ கணினி உறுப்பொன்று கொண்டுவருதல் நல்ல அன்பே. ஆயின் முன்னதாக அவனிடம் பலகையின் பெயரைக் கேட்டறிந்து வாங்குக. பொருந்தாத துண்டைக் கடல் கடந்து திருப்பியனுப்புதல் எளிதன்று. உத்தரவாதமும் பல வேளைகளில் வாங்கிய நாட்டளவிலேயே செல்லும்.

இனி அப்பையனின் கதைக்கு வருவோம். அவன் பெட்டியைத் திறந்து பார்த்தோம். முள் ஒன்றும் வளையவில்லை. பூட்டியதிற் குற்றமும் இல்லை. செயலி றைசன் 5 5600. பலகையோ கடைத்தட்டில் நெடுநாள் கிடந்த பி 450. பலகை அச்செயலியை அறியாதிருந்தது, அவ்வளவே. நண்பர் ஒருவரிடம் பழைய றைசன் செயலியொன்றை ஒரு மாலைப்பொழுதுக்கு இரவலாகப் பெற்று, அதனைப் பூட்டிப் பயோஸைப் புதுப்பித்து, மீண்டும் அவனுடையதை அமர்த்தினோம். திரை ஒளிர்ந்தது. அவன் முகத்தைப் பார்த்த எமக்கும் மனம் நிறைந்தது.

அன்று இரவல் கிடையாதிருந்தால்? பலகையை வாங்கி எட்டு மாதமாகியதால் மாற்றிக்கொள்ளும் தவணை எப்போதோ கடந்துவிட்டது. நல்ல பொருளையே பழுதென்று எண்ணி, சீட்டுப் பணத்தில் இன்னொரு பங்கை அவன் வீணாக்கியிருப்பான். ஆதலின் நாம் முடிவாகக் கூறுவது இது: முழுப் பட்டியலையும் தாளிலே எழுதி, ஏழு பொருத்தமும் பார்த்து, அறிந்தார் ஒருவரிடம் காட்டி, பணம் முழுவதும் சேர்ந்த பின்னரே ஒரே முறையில் வாங்கி, வாங்கிய வாரத்திலேயே பூட்டிச் சோதித்தல் வேண்டும். காத்திருத்தல் இளையோர்க்கு அரிது என்பதை அறிவோம். எனினும் காத்திருந்தோர்க்கு விலை குறைதலும் உண்டு, பிழை குறைதலும் உண்டு.

அம்மாணவன் தன் தந்தையாரிடம் நடந்ததை மறையாமற் கூறினான். அவர் சினந்தாரல்லர். “இனி வாங்க முன்னம் எனக்கும் ஒருக்கால் அந்தப் பட்டியலைக் காட்டு” என்றார். இன்று அவன் வகுப்புத் தோழர் யாரேனும் கணினி பூட்டப் புகுந்தால், முதலில் அவனிடமே பட்டியலைக் கொண்டுவருகின்றனர். கற்றதைப் பிறர்க்குப் பகிரும் இவ்வழக்கம் எமது கல்லூரியில் நீடு நிலைப்பதாக.